இடக்கரடக்கலும் இடர்மறைத்தலும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)

    

எம்மைப் பேசுமாறு பணித்த நிருவாகக் குழுவினர் இலக்கியப் பொருள் ஒன்றனையே எதிர்பார்த்திருப்பர். பள்ளியில் தமிழ் கற்பிக்கும் எமக்கு அதுவே எளிது. ஆயினும் இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் அவையிற் கூறக் கூசுவதொன்று. பெண்டிர்முன்னும் சிறார்முன்னும் ஆடை விலக்கி நிற்றல், தகாத இடத்துத் தீண்டுதல், அதனினும் கொடியன செய்தல் ஆகிய குற்றங்கள் நம்மிடையே எத்துணை மலிந்துள்ளன, அவற்றுள் எத்துணை வெளிவாராமலே மறைகின்றன என்பதே அப்பொருள். தலைவர் அவர்களிடம் இதனை முன்னரே தெரிவித்தோம். தாய்மாரும் பிள்ளைகளும் வருங் கூட்டமாயிற்றே என ஒரு கணம் தயங்கிய அவர்கள், பின்னர், அவர்கள் வருவதனாலேயே பேசுக என்று இசைந்தார்கள். அவர்கட்கு எம் நன்றி.

நன்னூல் பயின்றார் தகுதிவழக்கு என ஒன்றுண்மையை அறிவர். அது இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படும். அவையில் வாய்விட்டுக் கூறத் தகாத ஒன்றனைத் தகுதியுடைய வேறொரு சொல்லாற் கூறுதல் இடக்கரடக்கல். ஒருவன் புறத்தே சென்று வந்ததனைக் கால் கழுவி வந்தான் என்பது போல்வது அது. ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுளது. கூறத் தகாததனைக் கூறாது விடுக என்று இலக்கணமுடையார் விதித்திலர். வேறு சொல்லாற் கூறுக என்றே விதித்தனர். தொல்காப்பியத்தில் அவையல்கிளவி எனப்படுவதற்கும் நெறி இதுவே. ஆகவே இடக்கரடக்கல் என்பது சொல்லும் முறையேயன்றிச் சொல்லாதொழியும் முறையன்று. நாமோ, சொல்லை மறைத்தற்கு வகுத்த விதியைக் குற்றத்தை மறைத்தற்குரிய விதியாக்கிக் கொண்டோம்.

இதனோடொத்த பிழை இன்னொன்றும் உண்டு. கொடிய செயலுக்கு மெல்லிய பெயரிட்டு அதனைச் சிறிதாக்கிவிடுதல் அது. பேருந்து நெரிசலில் ஒருவன் பெண்ணொருத்தியின் உடலைத் தீண்டினால் நாளிதழ் அதனைச் சில்மிஷம் என்கிறது. வீட்டார் சீண்டல் என்கின்றனர். அவனோ விளையாட்டு என்கிறான். 1998-ஆம் ஆண்டு சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் இளைஞர் சிலரின் அத்தகைய 'விளையாட்டு'க்கு இலக்காகி உயிர் துறந்தார். அதன் பின்னரே தமிழகத்தில் இதற்கெனத் தனிச்சட்டம் பிறந்தது. அச்சட்டமும் தொடக்கத்தில் 'ஈவ் டீசிங்' என்னும் பெயரையே, அஃதாவது கேலி என்னும் பொருள்படவே, தாங்கி நின்றது. பின்னர்ப் பெயர் மாற்றப்பட்டுப் பெண்ணுக்குத் தொல்லை இழைத்தலைத் தடுக்கும் சட்டமாயிற்று. உயிர் போக்கிய ஒன்றைக் கேலி என்றல் பொருந்தாது என்பதனைச் சட்டமியற்றியோரே உணர்ந்தனர். நம் வீட்டு வழக்கு இன்னும் மாறிற்றில்லை.

நிற்க. இக்குற்றங்களுள் மிகச் சிறிதெனக் கருதப்படுவது ஆடை விலக்கிக் காட்டுதல். 'தொட்டானா? இல்லையே! பார்க்காமல் வந்துவிடு' என்பதே நாம் அதற்குக் கூறும் மருந்து. சில ஆண்டுகட்கு முன் எம் வகுப்பு மாணவியர் ஐவர் நாள்தோறும் காலந்தாழ்த்து வரலாயினர். அவர்கள் வீட்டிலிருந்து குளக்கரை வழியே வரின் கால்மணி நேரமும் ஆகாது. அவர்களோ மூன்று தெருச் சுற்றி வந்தனர். எம் பள்ளி ஆசிரியை ஒருவர் தனித்தனியே அழைத்து வினவியபோது, குளக்கரையில் ஒருவன் அவர்கள் வரும் வேளை பார்த்து ஆடை நீக்கி நிற்பது வெளிப்பட்டது. இதனினும் வியப்பாவது, ஐந்து வீட்டுத் தாய்மாரும் இதனை அறிந்திருந்தமையே. ஒவ்வொருவரும் தம் மகளை வேறு வழியிற் போ என்று பணித்திருந்தனர். ஒருவரும் அடுத்த வீட்டாரிடம் வாய்திறந்திலர். ஒருத்தியின் தாய் துணிந்து எழுதிக்கொடுத்த பின்னரே ஏனை நால்வரும் கையொப்பமிட்டனர். அவன் பிடிபட்டபோது வேற்றூரானாக இருந்திலன். அவ்வைந்து வீட்டு விசேடங்கட்கும் வந்து மொய் எழுதியவன்.

ஐந்து மாணவியர் கண்ட குற்றம், பல நாள் நிகழ்ந்த குற்றம், அந்த ஒரு தாய் எழுதும்வரை அரசின் ஏட்டில் இல்லாத குற்றமாகவே இருந்தது. ஏடு தூயதாயிருத்தல் ஊர் தூயதாயிருத்தற்குச் சான்றாகாது என்பதனை இதனால் அறிக.

இதனைச் சிறு குற்றமென்று தள்ளுவார்க்கு அயல்நாட்டுச் செய்தி ஒன்று கூறுவோம். 2021-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள் இரவு, இலண்டன் மாநகரில் வீடு நோக்கி நடந்துசென்ற இளம்பெண் ஒருவரைக் காவலன் ஒருவனே கடத்திச் சென்று கெடுத்துக் கொன்றான். பின்னர் ஆராய்ந்தபோது தெரிந்தது யாது? 2020 நவம்பரில் மிதிவண்டியிற் சென்ற ஒரு பெண்ணின் முன் அவன் ஆடையின்றி நின்றான். 2021 பிப்ரவரியில், கொலைக்குச் சில நாளே முன்னர், உணவுக்கடை ஒன்றில் பணிசெய்த பெண்கள் முன் காரில் அமர்ந்தபடி அவ்வாறே செய்தான். அக்கடையார் வாகன எண்ணுடன் புகார் செய்தனர். 2015-ஆம் ஆண்டிலேயே இத்தகைய முறையீடு ஒன்று அவன் வாகனத்தைப் பற்றி வந்திருந்தது. கொலைக்கு முன் எவரும் அவனைக் கைது செய்திலர். இதனை ஆராய அரசு அமர்த்திய ஆஞ்சியோலினி அம்மையாரின் அறிக்கை 2024 பிப்ரவரியில் வெளியாகி, ஆடை விலக்கிக் காட்டும் குற்றத்தைக் காவல்துறையினர் கடுமையாகக் கொள்ளல் வேண்டும் என்று வற்புறுத்திற்று. ஆடை விலக்கினாரெல்லாம் கொலை செய்வர் என்பது எம் கருத்தன்று. இவன் இம்மட்டோடு நிற்பான் என்று எவரும் உறுதி கூறவியலாது என்பதே எம் கருத்து.

இனி இக்குற்றங்களின் பரப்பினை நோக்குவோம். 2007-ஆம் ஆண்டு நடுவணரசின் மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் ஓர் ஆய்வினை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 சிறாரிடம் வினவிய ஆய்வு அது. தமிழகம் அவற்றுள் இடம்பெறவில்லை. எனினும் அண்டையிலுள்ள கேரளமும் ஆந்திரமும் இடம்பெற்றன. நூற்றுக்கு 53.22 சிறார் யாதேனும் ஒருவகைப் பாலியல் துன்பத்திற்கு ஆளானதாகக் கூறினர். கடுமையான வகைகளை மட்டும் தனியே எண்ணினும் நூற்றுக்கு 20.90 ஆயிற்று. இங்ஙனம் துன்புற்றாருள் ஆண்குழந்தைகள் பெண்குழந்தைகளினும் சற்று மிகுதி என்பதும் அவ்வாய்விற் கண்டது. ஆகவே இது பெண் பெற்றோர் கவலை மட்டும் அன்று. 'ஆண்பிள்ளைக்கு என்ன?' என்று இருப்போர் இவ்வெண்ணைச் சிந்திப்பாராக. துன்புற்ற சிறாருள் மிகப் பலர் அதனை எவரிடமும் கூறியதில்லை என்பதே அவ்வாய்வு கண்ட முடிவுகளுள் நெஞ்சைச் சுடுவது.

முதிர்ந்த பெண்டிர் நிலையும் வேறன்று. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, உடல்வழியாகவோ பாலியல்வழியாகவோ வன்கொடுமைக்கு ஆளான பெண்டிருள் நூற்றுக்குப் பதினால்வரே பிறர் உதவியை நாடினர். ஏனையோருள் பெரும்பாலார் கணவரிடத்தோ தாயிடத்தோ உடன்பிறந்தாரிடத்தோகூட வாய்திறந்திலர். அங்ஙனமாயின் காவல் நிலையம் சென்றார் எத்துணையர் என்று நாம் கணக்கிட வேண்டுவதில்லை.

இனி யாம் கூறப்போவது இவ்வவையிற் சிலர்க்குக் கசக்கும். 2022-ஆம் ஆண்டு நம் நாட்டிற் பதிவான வன்புணர்ச்சி வழக்குகள் 31,516 எனத் தேசியக் குற்றப்பதிவு அலுவலகம் கூறுகிறது. அவற்றுள் 30,514 வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பெற்றவன் அப்பெண் முன்னரே அறிந்தவன். உறவினன், அண்டை வீட்டான், குடும்ப நண்பன், உடன்பணி செய்வோன், திருமணம் செய்வதாகச் சொன்னவன் ஆகிய இன்னோரன்னார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கும் மேல் இது. அறிந்தவன்மேற் புகார் கொடுத்தல் அறியாதவன்மேற் கொடுத்தலினும் கடினம். அங்ஙனமிருந்தும் பதிவானவற்றின் கணக்கே இது என்றால், பதிவாகாதவற்றில் அறிந்தவர் பங்கு எத்துணையாகும்?

தமிழகத்தில் ஒருவர் வீட்டிற்குள் உரிமையோடு வந்துபோகும் உறவினரும் குடும்ப நண்பரும் பெரும்பாலும் எக்குலத்தார்? தம் குலத்தாரே. ஆகவே நம் மகளிர்க்கும் சிறார்க்கும் தீங்கு செய்வோருள் பெரும்பாலார் நம்மவரே ஆதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். நாம் நடந்துகொள்ளும் முறையோ இதற்கு நேர்மாறானது. குற்றஞ்செய்தவன் வேற்றுக்குலத்தான் என்று கேட்டவுடன் ஊர் திரள்கிறது; சாலை மறிக்கப்படுகிறது; சங்கத்தின் பெயரால் கண்டனத் தாள் அச்சாகிறது. அவன் நம்மவன் என்று கேட்டவுடன் கதவு தாழிடப்படுகிறது, விளக்கு அணைக்கப்படுகிறது, இரவோடிரவாகப் பெரியவர் நால்வர் கூடுகின்றனர். தன் விருப்பத்தால் வேற்றுக்குலத்து இளைஞனோடு பழகிய பெண்ணின் வழக்கில் மட்டும் சட்டப்பிரிவுகளெல்லாம் நமக்கு நினைவுக்கு வருகின்றன. பத்து வயதுச் சிறுமியிடம் கைந்நீட்டிய சிற்றப்பன் வழக்கில் ஒரு பிரிவும் நினைவுக்கு வருவதில்லை. இது குலமானம் காத்தலா? மானம் என்னும் சொல்லுக்கு இப்பொருள் எந்த நிகண்டினும் காணப்படவில்லை.

நள்ளிரவிற் கூடும் அந்நால்வர் செய்யும் தீர்ப்புத்தான் யாது? ஒன்று, தண்டமாகச் சிறிது பணம். இரண்டு, குற்றவாளி சில காலம் வெளியூர் சென்றிருத்தல். மூன்று, பெண் பருவமெய்தியவளாயின் அவனுக்கே அவளைக் கட்டிவைத்தல். முதலாவது விலை கூறலாகும். இரண்டாவது வேறோர் ஊர்க் குழந்தைகளிடம் அவனை அனுப்பி வைத்தலாகும். மூன்றாவதோ, ஒருநாட் கொடுமையை வாழ்நாட் கொடுமையாக்கலாகும். அந்நால்வரும் தீய நெஞ்சினர் என்று யாம் கூறோம். பெண்ணின் பெயர் வெளிவாராமற் காத்தோம் என்றே அவர்கள் மனமார நம்புகின்றனர். அவர்கள் காத்தது பெண்ணின் பெயரையன்று; ஆணின் பெயரை.

அன்றியும் அத்தகைய தீர்ப்புக்கு இன்று சட்டத்தில் இடமில்லை. 2015-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றமே வன்புணர்ச்சி வழக்கொன்றைச் சமரசத்திற்கு அனுப்பும் ஆணை ஒன்றனைப் பிறப்பித்தது. அவ்வாண்டு சூலைத் திங்கள் 1-ஆம் நாள் வேறொரு வழக்கில் உச்சநீதிமன்றம், இக்குற்றத்திற் சமரசம் என்பது எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று என்று கண்டிக்கவே, சென்னை ஆணை சின்னாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2024 நவம்பர் 7-ஆம் நாள் இராசத்தான வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் இன்னும் தெளிவாகக் கூறிற்று. மாணவியிடம் முறைதவறியதாகக் குற்றஞ்சாட்டப்பெற்ற ஆசிரியர் ஒருவர் அம்மாணவியின் தந்தையாரோடு உடன்பாடு செய்துகொள்ள, அதுகொண்டு உயர்நீதிமன்றம் வழக்கினைத் தள்ளியிருந்தது. உச்சநீதிமன்றம் அவ்வழக்கிற்கு மீண்டும் உயிர் தந்தது. ஈன்ற தந்தை செய்த உடன்பாடே செல்லாதாயின், ஊர்ப்பெரியவர் நால்வர் செய்யும் உடன்பாடு எங்ஙனம் செல்லும்?

இனிச் சட்டம் நமக்கு இடும் கடமையையும் தரும் காவலையும் சுருங்கக் கூறுவோம். 2012 நவம்பர் 14-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத ஆண், பெண் இருபாலாரையும் காப்பது. சிறாரிடம் பாலியல் நோக்கோடு உடலுறுப்பைக் காட்டுதலும் அதன்கீழ்க் குற்றம். மூன்றாண்டுவரை சிறை உண்டு. அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு, இத்தகைய குற்றம் நிகழ்ந்ததென அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும் என்கிறது. தெரிவியாதிருத்தலே 21-ஆம் பிரிவின்படி குற்றம்; ஆறு திங்கள்வரை சிறைக்குரியது. ஒரு நிலையத்தின் பொறுப்பாளர் தம் கீழ்ப் பணிபுரிவோர் செய்த குற்றத்தை மறைப்பின் ஓராண்டுவரை சிறை. பள்ளித் தலைமையாசிரியரும் விடுதிக் காப்பாளரும் இதனை உளங்கொள்க. நள்ளிரவிற் கூடும் நால்வரும் உளங்கொள்க. அறிந்தும் தெரிவியாதவர் அவர்களே.

காவலும் உண்டு. குழந்தையைக் காவல் நிலையத்திற்கு இழுத்தல் வேண்டா. அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி ஒருவர் சீருடையின்றி வந்து வாக்குமூலம் பெறுதல் வேண்டும். அதன் பெயரும் முகவரியும் பள்ளியும் இதழ்களில் வெளிவரலாகாது. நீதிமன்றத்தில் அது குற்றவாளியைக் காணாதவாறு சான்று கூறலாம். முதிர்ந்த பெண்டிர்க்கும் பெயர் மறைக்கும் உரிமை உண்டு. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டப்படி, குற்றம் எங்கு நிகழினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். இத்தகைய புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவல் அதிகாரியே தண்டனைக்குரியவர். காலந்தாழ்த்துக் கூறினார் என்பதனாலேயே பெண்ணின் சொல் பொய்யாகாது என்று 1996-ஆம் ஆண்டிலேயே குர்மீத் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்தியது. குடும்பத்தின் மானங்கருதித் தயங்குவது இயல்பென அது உணர்ந்தது. குழந்தைகட்கு 1098, பெண்டிர்க்கு 181 என்னும் தொலைபேசி எண்கள் உள்ளன. இவ்விரண்டு எண்களையும் ஒவ்வொரு வீட்டு நாட்காட்டியிலும் எழுதி வைக்குமாறு வேண்டுகிறோம்.

பொய்ப்புகார் கொடுத்து ஒருவர் வாழ்வைக் கெடுத்துவிடின் என் செய்வது என்று வினவுவார் உளர். நேர்மையான வினாவே. பகைமையால் பொய்ப்புகார் கூறும் முதியோரைத் தண்டிக்க அப்போக்சோ சட்டத்திலேயே 22-ஆம் பிரிவு உள்ளது. குற்றமற்றவன் தப்புதற்கு வழி, புகார் கூறாதிருத்தலன்று, நன்கு விசாரித்தலே. விசாரிக்கும் ஆற்றலும் உரிமையும் காவல்துறைக்கும் நீதிமன்றத்திற்கும் உண்டு. நமக்கில்லை.

பெண்ணின் திருமணம் தடைப்படுமே என்பது இன்னொரு வினா. இதுவே தாய்மார் வாயைக் கட்டும் கயிறு. யாம் திருப்பி வினவுகிறோம்: அத்தடையை உண்டாக்குவார் யார்? காவல்துறையா? நீதிமன்றமா? மாப்பிள்ளை வீட்டாராகிய நாமன்றோ! பெண் பார்க்கச் செல்லும்போது அவள்மேற் பிறன் செய்த குற்றத்தை அவள் குறையாக எண்ணும் நாமே, அவ்வச்சத்தையும் காரணமாகக் காட்டுகிறோம். திருடன் புகுந்த வீட்டாரை ஊர் இகழ்வதில்லை, திருடனையே இகழ்கிறது. இதில் மட்டும் நம் நீதி தலைகீழாயிற்று. நம் கையில் உள்ள கயிறு இது. நாமே அவிழ்த்தல் கூடும்.

வள்ளுவர் பிறனில் விழையாமை என ஓர் அதிகாரம் வகுத்தார். விழைந்தவனைப் பழிப்பதே அதன் போக்கு. இளங்கோவடிகள் வழக்குரை காதையில், நீதி பிழைத்த வேந்தன் அவைக்களத்துத் தனியளாய்ச் சென்று வாய்திறந்து வழக்குரைத்த பெண்ணைப் பாடினார். பேசாதிருந்தமைக்காகக் கண்ணகியை நாம் தெய்வமாக்கவில்லை. அவளைக் கும்பிடும் நாம் நம் மகளிர்க்குக் கற்பிப்பது வாய்பொத்தலாயின், நம் கும்பிடு யாருக்கு?

ஆதலின் இச்சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, பாலியற் குற்றம் எதனையும் நம் குலப் பஞ்சாயத்தோ சங்கத்தாரோ பேசித் தீர்த்தல் இனி இல்லை என்று இக்கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றுக. இரண்டாவது, நம் சங்க மாணவர் விடுதியில் ஒரு பிள்ளையின் முறையீட்டைக் காப்பாளர் அன்றே காவல்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும் என விதி செய்க. மூன்றாவது, பாதிக்கப்பட்ட குடும்பத்துடன் காவல் நிலையத்திற்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்திற்கும் உடன்செல்லத் தாய்மார் மூவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் அமர்த்துக. அச்செலவினைச் சங்கம் ஏற்க. நான்காவது, குற்றம் செய்தவன் நிதி மிக்கவனாயினும், நம் மண்டபத்துக்குக் கல் நாட்டியவனாயினும், அவனுக்காக ஒருவரும் தூது செல்லற்க.

பெற்றோர்க்கு ஒன்று. பிள்ளைகட்கு உடலுறுப்புகளின் பெயரையும், எவர் எங்குத் தொடுதல் தகும், எங்குத் தகாது என்பதனையும் கற்பியுங்கள். இடக்கரடக்கலாகவே கற்பியுங்கள், ஆயின் கற்பியுங்கள். மாமா மடியில் உட்காரமாட்டேன் என்று ஒரு குழந்தை அழுமாயின், மரியாதை தெரியாத பிள்ளை என்று அதனை அதட்டாது, ஏன் என்று தனியே வினவுங்கள். வினவியபின் அது கூறுவதனை நம்புங்கள். குழந்தை முதன்முறை கூறும்போது கேட்பார் இல்லையாயின், இரண்டாம் முறை அது கூறுவதில்லை.

இவ்வாண்டு நம் குலத்தார்மேல் இத்தகைய வழக்கு ஒன்றும் இல்லை என்று ஆண்டறிக்கையில் எழுதிப் பெருமை கொள்ளல் எளிது. வழக்குகள் சில தோன்றினும், ஒரு பிள்ளையும் தனித்து அழவில்லை என்று எழுதும் ஆண்டே நமக்குப் பெருமை தருவது. அத்தகைய ஆண்டறிக்கையை இம்மேடையிற் படிக்கும் நாள் விரைவில் வருதற்கு இறைவன் துணைபுரிக. தீர்மானத்தை முன்மொழிய எமக்கு இசைவு தருமாறு தலைவர் அவர்களை வேண்டி அமைகிறோம்.